அம்பாசிடர் 1489 பெட்ரோல் எஞ்சின்: பாயிண்ட், டைமிங், புகை

புகைச் சோதனையில் அம்பாசிடர் தோற்றால், பல வொர்க்‌ஷாப்புகளில் ஸ்க்ரூடிரைவர் முதலில் போய் நிற்பது கார்புரேட்டரில்தான். பெட்ரோலைக் குறைத்து, அந்த ஒரு நிமிடத்துக்கு எண்ணைக் கீழே இறக்கிச் சான்றிதழ் வாங்கிவிடலாம். மறுநாள் காலை வண்டி தும்மும், மேட்டில் பிக்கப் இருக்காது, ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் வெடிக்கும். கொஞ்ச நாளில் யாராவது ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பிவிடுவார்கள். அடுத்த ஆறு மாதச் சோதனையில் அதே கதை.

பழைய பெட்ரோல் எஞ்சினின் புகையைத் தீர்மானிப்பவை நான்கு: வால்வு முழுதாக மூடுகிறதா, ஸ்பார்க் வலுவாகச் சரியான நேரத்தில் விழுகிறதா, மேனிஃபோல்டில் (கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாயில்) திருட்டுக் காற்று நுழைகிறதா, கடைசியாகத்தான் பெட்ரோலும் காற்றும் சேரும் கலவை. இந்த வரிசையிலேயே கை வைக்க வேண்டும். முதல் மூன்றும் சரியாகாத எஞ்சினில் கலவையை எங்கே வைத்தாலும் நிற்காது.

இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி செய்த பி-சீரிஸ் எஞ்சின் வழியில் வந்த 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சினுக்கு: போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். பின்னாளில் வந்த இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசலுக்கும் இது பொருந்தாது.

கையில் வேண்டியவை: ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர் (டுவெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், காட்டுவதாக இருந்தால் நல்லது), இரண்டு ஒயர் பற்றவைத்த 12 வோல்ட் 5 வாட் பல்பு, கம்ப்ரஷன் கேஜ், டைமிங் லைட், வண்டியோடு வந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டில். ஹேண்டில் தொலைந்திருந்தால் தேடிப் பிடியுங்கள். எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப அதைவிட நல்ல சாமான் கிடையாது. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் கை வலிக்காமல் சுற்றும்.

முதலில் வால்வு

எஞ்சின் ஆறிய நிலையில் டாப்பெட் இடைவெளி (வால்வு நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே) 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. முன்பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9-இலிருந்து கழித்தால் இப்போது சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் வரும். எட்டு திறந்திருந்தால் ஒன்று, ஆறு திறந்திருந்தால் மூன்று, நான்கு திறந்திருந்தால் ஐந்து, ஏழு திறந்திருந்தால் இரண்டு, இப்படியே எட்டும் முடியும். ராக்கர் நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் அந்தக் குழிக்கு மேலே பாலம்போல உட்கார்ந்து பொய் சொல்லும்; அளவு சரி என்று காட்டும், எஞ்சின் மட்டும் டக்டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். அந்த ராக்கரை மாற்றாமல் இடைவெளியைக் குறைப்பது வால்வை எரிக்கும் வேலை.

1, 4, 5, 8 எக்ஸாஸ்ட் வால்வுகள். இவற்றில் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 2000 பிப்ரவரிக்குப் பிறகு ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட்டும் அதே இரும்பிலேயே கடைந்தது. ஈயத்தின் படிவு இல்லாமல் அதிக வேகத்தில் நெடுநேரம் ஓடினால் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும். இடைவெளி காணாமல் போய், வால்வு மூடாமல் கசிந்து, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போகும். 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து குறித்து வைத்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். மாதம் இரண்டு முறை ஊருக்குள் எடுத்துப்போகும் வண்டியில் இந்தத் தேய்மானம் மிக மெதுவானது. அதற்காக நன்றாக இருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ஹெட் வேறு காரணத்துக்காகக் கழன்று வரும்போது கெட்டியான எக்ஸாஸ்ட் சீட் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்து, பாட்டரி நல்ல சார்ஜில் இருக்க அளக்க வேண்டும். காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 10 விழுக்காட்டைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் பாயிண்டை (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) தொட்டுப் பயனில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர்

எஞ்சினின் வலப்பக்கம் இருந்து, பாயிண்டை உள்ளே வைத்து ஸ்பார்க்கை நான்கு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் பாதி வியாதி. 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் இந்த வகை மின்சாமான்களைப் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது; பழைய ஸ்டாக் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் இன்னும் சில ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். கிடைத்தால் இரண்டு செட் வாங்கி வையுங்கள். இப்போது வரும் மலிவான மாற்றுகளில் பாயிண்டின் ஹீல் (கேமில் உரசும் கட்டை) சீக்கிரம் தேய்கிறது, கண்டென்சர் சூட்டில் படுத்துவிடுகிறது.

கேப்பைத் திறந்ததும் உடனே ஃபீலரை நுழைக்க வேண்டாம். ரோட்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு மாதிரி இருக்கும். எத்தனை முறை வைத்தாலும் ஐடிலிங் நடுங்கும். டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: ஐடிலிலும் 2000 ஆர்.பி.எம்.மிலும் டுவெல் 3 டிகிரிக்கு மேல் மாறினால் புஷ் மாற்ற வேண்டும். லேத் வேலை தெரிந்தவர் ஒரு நாளில் செய்துவிடுவார்.

பாயிண்டின் முகங்களைப் பாருங்கள். லேசான சாம்பல் நிறம் இயல்பு. ஒருபக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக உலோகம் இடம் மாறியிருந்தால் கண்டென்சரின் கொள்ளளவு சரியில்லை. இந்த எஞ்சினுக்கு 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். முகம் நீலம் பூத்துக் கருகியிருந்தால் கண்டென்சர் செத்துக்கொண்டிருக்கிறது அல்லது யாரோ இக்னிஷனைப் போட்டபடி விட்டிருக்கிறார்கள். 3 ஓம் காயிலில் பாயிண்ட் மூடி நிற்கும்போது 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் காயிலைக் கையால் தொட முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பாயிண்ட் வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். அதன் மணல் துகள் முகத்தில் பதிந்து மறுபடி சீக்கிரம் கருகும். பாயிண்ட் விலைக்கு இந்த வேலை தேவையில்லை, புதிதாகவே போடுங்கள்.

புதுப் பாயிண்டில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு மெழுகுப் படலம் பூசியிருப்பார்கள். துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைக்காமல் போட்டால் ஸ்பார்க்கே வராது. நிறையப் பேர் காயிலை மாற்றுவது இந்த இடத்தில்தான்.

இதைவிடப் பெரிய பொறி, பாயிண்ட் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தூணில் இருக்கிறது. கண்டென்சர் ஒயரின் நுனியும் லோ டென்ஷன் ஒயரின் நுனியும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். தூணையோ அதன் நட்டையோ தொடக் கூடாது. அதற்காகத்தான் தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது. வரிசை: அடியில் இன்சுலேட்டிங் வாஷர், மேலே ஸ்பிரிங்கின் கண், அதன்மேல் இரண்டு ஒயர் நுனிகள், இவற்றின் துளைக்குள் இறங்கும்படி பிளாஸ்டிக் புஷ், கடைசியாக நட். ஒரு நுனி புஷ்ஷுக்கு மேலே போய்விட்டால் நட் வழியாக எர்த் ஆகிவிடும். பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் நிற்காது, ஸ்பார்க் இருக்காது. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் கண்ணோடு சேர்ந்து ஒரே துண்டாக வரும் பாயிண்ட் செட்டில் இந்தத் தொல்லை குறைவு.

இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. ஹீல் கேமின் உச்சியில் சரியாக நிற்கும்படி எஞ்சினைத் திருப்பி, பூட்டும் ஸ்க்ரூவைத் தளர்த்தி வைக்க வேண்டும். ஃபீலரில் ஆயில் இருக்கக் கூடாது, அது பாயிண்ட் முகத்தில் ஒட்டிக் கருகும். ஸ்க்ரூவை இறுக்கியதும் இடைவெளி நகரும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள். டுவெல் மீட்டரில் 60 டிகிரி, கூட்டிக் குறைத்து 3. பழைய பாயிண்டில் மேடு குழி இருந்தால் ஃபீலர் காட்டுவதை நம்ப முடியாது. டுவெலை மட்டும் நம்புங்கள்.

கேமில் ஒரு கடுகளவு கிரீஸ், ரோட்டருக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவில் இரண்டு சொட்டு மெல்லிய ஆயில், பேஸ்பிளேட் துளை வழியாக அட்வான்ஸ் வெயிட்டுக்கு (வேகம் ஏறும்போது ஸ்பார்க்கை முந்த வைக்கும் எடைகள்) இரண்டு சொட்டு. கேம் காய்ந்து ஓடினால் ஹீல் தேயும், இடைவெளி குறையும், டைமிங் தானாகப் பின்தங்கும். புதிதாகப் போட்ட பாயிண்டில் 500 கிலோமீட்டருக்குள் ஹீல் கொஞ்சம் படிந்துவிடும் என்பதால் அப்போது ஒருமுறை, பிறகு 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கலாம்.

பேஸ்பிளேட்டிலிருந்து பாடிக்குப் போகும் சின்ன எர்த் ஒயரையும், வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்கு வரும் மெல்லிய ஒயரையும் விட்டுவிடாதீர்கள். வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முந்த வைக்கும் டப்பா) இழுக்கும் ஒவ்வொரு முறையும் பிளேட் திரும்புகிறது, அதோடு ஒயரும் வளைகிறது. வருடக்கணக்கில் வளைந்து, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்துவிடும். நிற்கும்போது நன்றாக ஓடி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் மிஸ்ஸிங் வரும் வண்டியில் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் இந்த இரண்டையும் இழுத்துப் பாருங்கள்.

வேக்குவம் டப்பாவைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிளேட் திரும்பி அப்படியே நின்றால் டயாபிரம் நன்றாக இருக்கிறது. பிடிமானம் இல்லாமல் திரும்பிவிட்டால் கிழிந்திருக்கிறது. அது பெட்ரோல் செலவைக் கூட்டுவதோடு மேனிஃபோல்டுக்குள் திருட்டுக் காற்றையும் விடும். ரோட்டரை மாட்டி, அது சுற்றும் திசையில் விரலால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைத் தானாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அட்வான்ஸ் வெயிட் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது.

கேப், ரோட்டர், காயில், ஒயர்

கேப்பின் உள்பக்கம் பென்சில் கோடு போட்டது போல மெல்லிய கருப்பு வரி தெரிந்தால் கரண்ட் வழுக்கிப் போகும் பாதை அது. துடைத்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கில் உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

ரோட்டர் பார்வைக்குப் புதிதாக இருக்கும், உள்ளே ரிவெட் வழியாக ஷாஃப்டுக்கு ஓட்டை விழுந்திருக்கும். சோதிப்பது இப்படி: கேப்பை மட்டும் கழற்றி, ரோட்டர் அதன் இடத்தில் இருக்க, காயிலிலிருந்து வரும் ஒயரின் நுனியை ரோட்டரின் பித்தளைக்கு மேல் 3 மி.மீ. உயரத்தில் இன்சுலேட்டட் பிளையரால் பிடித்து, பாயிண்டைத் திறந்து மூடவும். ஸ்பார்க் பித்தளைக்குத் தாவிக்கொண்டே இருந்தால் அது ரோட்டர் வழியாக எர்த் போகிறது, ரோட்டர் குப்பைக்கு. ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இந்தச் சோதனையை ஏர் கிளீனர் பக்கம், பெட்ரோல் கசிவு இருக்கும் இடத்தில் செய்யக் கூடாது.

ஒயர்கள் கேப்புக்குள் பக்கவாட்டில் நுழைந்து, உள்ளிருந்து கூரான ஸ்க்ரூ குத்திப் பிடிக்கும் பழைய மாதிரி என்றால் செம்புக் கம்பி உள்ள ஒயர்தான் போட வேண்டும். கார்பன் நூல் உள்ள ஒயரில் ஸ்க்ரூ குத்தினால் தொடர்பு சில வாரம் நிற்கும், பிறகு உள்ளே கருகிவிடும். கேப் வேறு வகை என்றால் கார்பன் ஒயர் போடலாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும். ஒயரை இழுத்துக் கழற்றாமல் நுனியைப் பிடித்துக் கழற்றுங்கள். ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஆகவே கேப்பில் ஒன்றாம் ஒயரிலிருந்து இடஞ்சுழியாக 1, 3, 4, 2.

காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். 1.5 ஓம் காட்டினால் பேலாஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்கும் வெளித் தடை) ஓட வேண்டிய காயிலை யாரோ மாட்டியிருக்கிறார்கள். பாயிண்ட் அடிக்கடி கருகுவதன் காரணம் அதுதான். டைனமோ காலத்து வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பிறகு ஆல்டர்னேட்டர் போட்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியவர்கள் காயில் ஒயர்களை மாற்ற மறந்திருப்பார்கள். நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் நெகட்டிவ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். தலைகீழாக இருந்தாலும் வண்டி ஓடும். ஆனால் பிளக்கில் ஸ்பார்க் தாவக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்பட்டு, குளிரிலும் மழையிலும் ஸ்டார்ட்டிங் சிரமமாகும். எஸ்டபிள்யூ, சிபி என்று குறித்த பழைய காயிலை நெகட்டிவ் எர்த் வண்டியில் மாட்டினால் சுவிட்ச் ஒயர் சிபி-க்கு, டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் எஸ்டபிள்யூ-வுக்கு.

பாயிண்டை மூடி, இக்னிஷனைப் போட்டு இரண்டு அளவு எடுங்கள். பாட்டரியின் எர்த் ஆகாத முனைக்கும் காயிலின் சுவிட்ச் முனைக்கும் இடையே 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் இக்னிஷன் சுவிட்ச்சிலோ ஃபியூஸ் பாக்ஸிலோ பச்சைக் களிம்பு. காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 0.3 வோல்டுக்கு மேல் போனால் பாயிண்ட் அல்லது அந்தச் சின்ன எர்த் ஒயர்.

பிளக் 14 மி.மீ. நூல், 19 மி.மீ. நீளம். கழற்றியதோடு புதியதை வைத்துப் பார்க்காமல் மாட்ட வேண்டாம். குட்டையான பிளக்கைப் போட்டால் மீதி நூலில் கரி அடைந்து, பிறகு சரியான பிளக் ஏறாது. இடைவெளி 0.025 அங்குலம், 0.64 மி.மீ. கையால் முழுக்கத் திருகி, புது வாஷருக்கு அரைச் சுற்று இறுக்கினால் போதும். நுனியில் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. வெள்ளையாகப் பொரிந்திருந்தால் கலவை வறண்டிருக்கிறது அல்லது டைமிங் முந்தியிருக்கிறது.

டைமிங்

பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) மாறும். இடைவெளி கூடினால் முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகவே பாயிண்ட் முடிந்த பிறகே இது. கிராங்க் புல்லியின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். டைமிங் கவரில் மூன்று முட்கள்: நீளமானது பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் புள்ளி, மற்ற இரண்டும் அதற்கு முன் 5 டிகிரியும் 10 டிகிரியும். அழுக்கைத் துடைத்து வெட்டில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வையுங்கள்.

எந்த டிகிரி என்பது உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷனையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பொறுத்தது. அந்த மாடலின் கையேட்டு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலால் எஞ்சினைத் திருப்பி, நான்காம் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் ஒன்று ஏற ஒன்று இறங்கும் நிலைக்குக் கொண்டுவந்தால் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி ஓடும் திசையிலேயே வந்து வெட்டை அந்த டிகிரியில் நிறுத்துங்கள். அப்போதுதான் செயின் தளர்வு கணக்கில் வராது. பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி டெர்மினலிலும் மற்றதை எர்த்திலும் மாட்டி இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறக்கும் கணத்தில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்தி, பாடியை இடஞ்சுழியாகத் திருப்பி பல்பை அணைத்து, பிறகு மெதுவாக வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே வந்து பல்பு எரியும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். வலஞ்சுழி என்றால் முந்தும், இடஞ்சுழி என்றால் பிந்தும்.

வெர்னியர் திருகு உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் கடைசிச் சின்னத் திருத்தத்தை அதில் செய்யலாம். அதன் அளவுகோலில் ஒரு கோடு ஏறத்தாழ 5 டிகிரி, 55 கிளிக்.

டைமிங் லைட் இருந்தால் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வெட்டு முட்களைத் தாண்டி முன்னே நகர்கிறதா என்று பாருங்கள். நகராத டிஸ்ட்ரிபியூட்டரில் ஐடில் டைமிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் வண்டி இழுக்காது, சூடாகும். கடைசியாக, டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக மிதியுங்கள். கலகலவென்று நாக்கிங் வந்து நிற்காவிட்டால் ஒரு டிகிரி பின்னுக்கு.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போடுவது கெட்ட யோசனை இல்லை, டுவெல் மாறாது என்பது நிஜமான லாபம். தேய்ந்த புஷ்ஷையும் சிக்கிய வெயிட்டையும் அது சரிசெய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாட்டினால் பழைய பாயிண்டும் கண்டென்சரும் டிக்கியில் கிடக்கட்டும். கிட் போனால் வழியில் ரிப்பேர் கிடையாது.

காற்று, ப்ரீதர்

இன்டேக்கும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் இடப்பக்கம் ஒன்றாகப் பிணைத்திருக்கும். கேஸ்கெட் உட்காராவிட்டால் இன்டேக்கில் காற்று உள்ளே போகும், எக்ஸாஸ்டில் புகை வெளியே வரும். எஞ்சின் ஐடிலில் ஓட, எண்ணெய்க் கேனால் இணைப்புகளில் கொஞ்சம் ஆயில் விடுங்கள். ஓட்டை இருந்தால் ஆயில் உறிஞ்சப்பட்டு ஐடிலிங் மாறும். சூடான மேனிஃபோல்டில் பெட்ரோலையோ கிளீனர் ஸ்ப்ரேயையோ அடிப்பதைப் பலரும் செய்கிறார்கள், தீப்பிடிக்கும். கார்புரேட்டரின் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தாலும் அங்கே இதே உறிஞ்சல் தெரியும்.

இந்த எஞ்சினில் கிராங்க்கேஸ் மூச்சு விடுவது இரண்டு வழியில்: ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ஹோஸ், பக்கவாட்டு டாப்பெட் கவரிலிருந்து கீழே இறங்கும் ஒரு குழாய். இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அடைந்துபோனால் உள்ளழுத்தம் கூடி ஆயிலைப் பின் மெயின் பேரிங் வழியாக கிளட்ச் பக்கம் தள்ளும். இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது, திருகு வெட்டுதான் ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. ஆயில் ஆவியை ஏர் கிளீனர் வழியாக எஞ்சினே குடித்தால் ஹைட்ரோகார்பன் எண் ஏறும். ஆயில் பாத் ஏர் கிளீனரில் ஆயிலைக் குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் இதே விளைவு.

கலவை

எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு: டாஷ்பாட்டில் (கார்புரேட்டர் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் ஆயில் அறை) எஸ்.ஏ.இ. 20 ஆயில் இருக்க வேண்டும். அந்தப் பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு விழ வேண்டும். மெதுவாக இறங்கினால் சேம்பரைத் துடைக்க வேண்டும் அல்லது ஜெட் நடுவில் இல்லை. சோக்கை உள்ளே தள்ளியதும் ஜெட் முழுதாக மேலே திரும்புகிறதா பாருங்கள். கார்பன் மோனாக்சைடு கூடும் வண்டிகளில் ஜெட் பாதியில் தொங்கிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம், ஒரு சொட்டு எண்ணெயில் தீர்ந்துவிடும்.

தொடக்க நிலைக்கு ஜெட் நட்டை மேலே முட்டும்வரை ஏற்றி, இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலை 600 முதல் 700 ஆர்.பி.எம்.மில் வையுங்கள். இப்போது பிஸ்டனை 0.8 மி.மீ. அளவு மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பட்டை (நட்டின் ஆறு பக்கத்தில் ஒன்று) மேலே. எஞ்சின் உடனே திணறி நின்றால் பெட்ரோல் குறைவு, ஒரு பட்டை கீழே. கண நேரம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ஆக்சிலரேட்டரை ஒருமுறை முடுக்கி விட்டுப் பாருங்கள்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால் பழைய ஜெட் நிலையில் கலவை வறளும். சுத்தமான பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இதற்கு ஏறத்தாழ 13.5. ஒன்றிரண்டு பட்டை இறக்க வேண்டிவரும். எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும்: பம்ப் டயாபிரம், ஹோஸ், கார்க் கேஸ்கெட் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். நெடுநாள் நிறுத்தும் வண்டியில் டேங்க்கை நிறைத்து வைத்தால் ஈரக் காற்றுக்கு இடம் குறையும். தண்ணீர் சேர்ந்த எத்தனால் அடியில் பிரிந்து டேங்க்கை அரிக்கும்.

சோதனை எண்கள் சொல்வது

பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 115-இன்படி ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை அனுமதி. நல்ல நிலையில் உள்ள 1489 இதற்குள் எளிதாக வரும். கார்பன் மோனாக்சைடை 2 முதல் 2.5-க்குள் வைத்தால் ஓட்டவும் இதமாக இருக்கும்.

இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டும் அதிகம் என்றால் பெட்ரோல் அதிகம்: ஜெட், ஃப்ளோட் லெவல், அடைந்த ஏர் கிளீனர். கார்பன் மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது: பிளக், ஒயர், கசியும் வால்வு, திருட்டுக் காற்று அல்லது கலவையை மிகவும் வறட்சியாக்கியது. இந்த நிலையில் பெட்ரோலை இன்னும் குறைத்தால் எண் மேலும் ஏறும். ஹைட்ரோகார்பன் ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டே இருந்தால் பாயிண்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ்ஷுக்கும் திரும்பிப் போங்கள். இரண்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சைலன்சரில் ஓட்டை, வெளிக்காற்று கலந்த புகையை மெஷின் அளந்திருக்கிறது.

சோதனைக்கு வண்டியை 15 கிலோமீட்டராவது ஓட்டிச் சூடாகக் கொண்டுபோங்கள். வரிசையில் பத்து நிமிடம் ஐடிலில் நின்றிருந்தால் பிளக்கில் கரி ஏறியிருக்கும். புரோப் வைப்பதற்கு முன் அரை நிமிடம் 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்துவிட்டு, சோக் முழுதாக உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டு ஐடிலுக்கு விடுங்கள். சீட்டில் வந்த இரண்டு எண்களோடு, அன்றைய ஜெட் நட் எத்தனை பட்டை இறங்கியிருந்தது, டுவெல் எவ்வளவு, டைமிங் எத்தனை டிகிரி என்பதையும் அதே தாளின் பின்னால் எழுதி வையுங்கள். அடுத்த முறை எண் மாறியிருந்தால் எந்தச் சாமான் நகர்ந்திருக்கிறது என்று அதிலிருந்தே தேடத் தொடங்கலாம்.